மீனுக்கும் வழி உரிமை உண்டு

மீன் உண்பது பற்றி நம் வீடுகளில் கேட்கப்படும் மஸ்அலாக்கள் ஏராளம். விலாங்கு கூடுமா? நண்டும் இறாலும் ஹலாலா? செத்து மிதந்த மீனை உண்ணலாமா? இவற்றையெல்லாம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபீ மத்ஹபுக்கும் இவற்றில் உள்ள வேறுபாட்டைக்கூட நம் தாய்மார்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இவை யாவும் மீன் சட்டிக்கு வரும்போது எழும் கேள்விகள். அது நீரில் உயிரோடு திரியும்போது அதற்கு நம்மீது ஏதேனும் ஹக்கு உண்டா? அது முட்டையிடப் போகும் பாதையை நாம் அடைக்கலாமா? அடைத்தால் நாளை மறுமையில் அதற்கும் கேள்வி உண்டா? இந்த மஸ்அலாவை எவரும் கேட்பதில்லை.

வேடிக்கைக்காக இதைக் கேட்கவில்லை. நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்தைப் பொறுத்தவரை, வாசலுக்கு வந்து நிற்கும் கேள்வி இது.

நம் மாவட்டத்தின் நீர்வழி

நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு, கோரையாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். ஆகவேதான் நம் முன்னோர் கண்மாய்களை வெட்டினார்கள். ஏந்தல், ஊருணி, குளம், கண்மாய் என்று 5,000க்கும் மேற்பட்ட நீர்நிலைகள் இந்த மாவட்டத்தில் உள்ளன. மேட்டிலிருந்து வரத்துவாரி வழியாக முதல் கண்மாய்க்கு நீர் வரும். அது நிறைந்து கலிங்கு வழியாக வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சும் நீர் ஆற்றில் விழுந்து கடலுக்குச் சேரும். புதுக்கோட்டை நகரின் தெற்கே செல்லும் வெள்ளாறு இவ்வாறு மணமேல்குடி அருகே கடலில் கலக்கிறது.

இந்த வழியில் நீர் கீழே இறங்குகிறது. மீன் மேலே ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புதுவெள்ளம் புரண்டு வரும்போது கெண்டையும் கெளுத்தியும் உளுவையும் சினையோடு நீரை எதிர்த்து ஏறுவதைக் கிராமத்தில் பிறந்தவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். ஏற்றுமீன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. புது நீர் பரவிய ஆழமற்ற இடங்களில் அவை முட்டையிடுகின்றன. பனையேறிக் கெண்டை செவுள்மூடியை ஊன்றி ஈரத்தரையிலும் ஊர்ந்து அடுத்த நீர்நிலையை அடைந்துவிடும். கோடையில் கண்மாய் வற்றும்போது விராலும் குரவையும் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்காகக் காத்திருக்கின்றன.

கழிமுகத்தில் இன்னொரு போக்குவரத்து நடக்கிறது. மடவையும் கொடுவாயும் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்கின்றன. விலாங்கின் கதை இவற்றினும் விந்தையானது. ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடிபோல் உடல் ஊடுருவித் தெரியும் சிறு குஞ்சாகக் கரையை அடைந்து, ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, பின் முட்டையிடுவதற்காக மீண்டும் ஆழ்கடலுக்கே செல்கிறது. அதன் வாழ்நாளில் அந்த வழி இருமுறை திறந்திருக்க வேண்டும். ஒருமுறை அடைபட்டாலும் அதன் சந்ததி அற்றுவிடும். பாம்பு போன்ற உருவமுடைய இந்த மீனை உண்ணலாம் என்று ஹனஃபீ நூல்களில் தனித்தே எழுதி வைத்திருக்கிறார்கள். உண்ணலாம் என்பதை அறிந்துகொண்ட நாம், அது எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

சித்தன்னவாசல் குகையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியம் ஒன்று உள்ளது. சமணர்களின் குடைவரை அது. அதில் தீட்டப்பட்டுள்ள தாமரைக் குளத்தில் மீன்கள் இருக்கின்றன, பறவைகள் இருக்கின்றன, எருமையும் யானையும் இறங்கி நிற்கின்றன, மனிதர்கள் மலர் பறிக்கிறார்கள். மார்க்கம் வேறாயினும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் சாட்சியம் அது. நீர்நிலை என்றால் அது எல்லா உயிர்களும் வந்து சேரும் இடம் என்று அன்றைய மக்கள் விளங்கியிருந்தார்கள்.

இன்றைய நிலை என்ன? வரத்துவாரிகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆற்றின் மணல் அள்ளப்பட்டுப் படுகை பள்ளமும் மேடுமாகிவிட்டது. சாலைக்குக் குறுக்கே அமைக்கும் சிறுபாலத்தின் தளம் வாய்க்கால் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கிறது. அதன் கீழ்ப்புறம் நீர் குதித்து விழுகிறது. சிறு மீனால் அதைத் தாண்ட முடிவதில்லை. தடுப்புச் சுவர்கள் செங்குத்தாக எழும்புகின்றன. நகரங்களை ஒட்டிய வாய்க்கால்களோ சாக்கடையாகவே மாறிவிட்டன. புதுக்கோட்டை 1974இல் மாவட்டத் தலைநகராயிற்று. 2024இல் மாநகராட்சியும் ஆயிற்று. ஊர் வளர வளர அதன் கழிவும் வளரத்தான் செய்யும். அதை நீர்வழியில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம்.

மூன்று குணங்கள்

தண்ணீரைச் சோதிக்க நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவான அளவுகோலைத் தந்திருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து அளவையும், ஹனஃபீ மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம் என்ற அளவையும் மத்ரஸாப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அவ்வளவு பெரிய நீராயினும், அசுத்தம் விழுந்து நிறமோ சுவையோ மணமோ மாறிவிட்டால் அது நஜீஸ். அதில் ஒளூ கூடாது.

நம் ஊர் ஓரத்து வாய்க்காலை இந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து பாருங்கள். நிறம் கறுத்துவிட்டது. மணமோ மூக்கைப் பொத்த வைக்கிறது. நமக்கு ஒளூவுக்கு ஆகாத அந்த நீரில்தான் மீன் மூச்சு விட வேண்டியிருக்கிறது. சாக்கடை கலந்தால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. சுவர் எதுவும் குறுக்கே இல்லாவிட்டாலும் அழுக்கே சுவராகி வழியை அடைத்துவிடுகிறது. பல பள்ளிவாசல் ஹவுல்களில் மீன் விடுவது வழக்கம். அந்த மீன் உயிரோடு நீந்துவதைக் கண்டு நீர் நலமாயிருக்கிறது என்று மனம் நிறைகிறோம். ஹவுலுக்கு ஒரு நீதி, ஊர் வாய்க்காலுக்கு வேறொரு நீதியா?

மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் இளைப்பாறும் நிழல், நீர் மொள்ளும் துறை ஆகிய இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தனியொரு மனிதன் ஒருமுறை செய்வதற்கே இவ்வளவு கடுமையான எச்சரிக்கை என்றால், ஊரே சேர்ந்து குழாய் வைத்து நாள்தோறும் செய்வதற்கு என்ன பெயர் சொல்வது?

பூனையைக் கட்டிய பெண்

இனி நம் மூலக் கேள்விக்கு வருவோம். ஓர் உயிரை நாம் அடிக்கவுமில்லை, கொல்லவுமில்லை. அதன் வழியை மட்டும் அடைத்தோம். இது குற்றமா?

பூனையின் காரணமாக நரகம் சென்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவள் செய்தது என்ன? அதைக் கல்லால் அடித்தாள் என்றோ கத்தியால் வெட்டினாள் என்றோ அந்த ஹதீஸில் இல்லை. அதைக் கட்டி வைத்தாள். தானும் உணவிடவில்லை, பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன விடவுமில்லை. உணவிடாதது மட்டுமே குற்றமென்றால் தெருப் பூனைக்கெல்லாம் உணவிடாத நாம் அனைவரும் குற்றவாளிகளாகிவிடுவோம். அல்லாஹ் அந்தப் பூனைக்குப் பூமியில் ரிஸ்கை வைத்திருந்தான். அந்த ரிஸ்குக்கும் அதற்கும் இடையே இந்தப் பெண் குறுக்கே நின்றாள். அங்கேதான் பாவம் பிறந்தது.

கலிங்கை அடைத்து, மேலே முட்டையிடும் இடத்துக்கும் மீனுக்கும் இடையே நாம் நிற்கும்போது, அந்தப் பெண்ணின் செயலுக்கும் நம் செயலுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அவள் ஒரு பூனையைத்தான் தடுத்தாள். நாம் ஒரு தலைமுறையையே தடுக்கிறோம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் நாயகம் (ஸல்) அவர்கள்தாம் அறிவித்தார்கள். கால்நடைகளிடம் காட்டும் இரக்கத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்ற கருத்தில் பதிலளித்தார்கள். வழியை அடைப்பது பாவமென்றால், அடைபட்ட வழியைத் திறந்துவிடுவது ஸதகாவாகும்.

ஒட்டகத்தின் முறை

“மனிதனுக்கே நீர் போதவில்லை, இதில் மீனுக்குப் பங்கா?” என்று ஒரு விவசாயச் சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் காய்ந்து கிடப்பதைப் பார்க்கும் வேதனை அவருக்குத்தான் தெரியும். தடுப்பணை கட்டினால் கிணற்றில் நீர் ஊறுகிறது என்பதும் உண்மை.

இதற்கு ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் வரலாறு வழிகாட்டுகிறது. ஸமூது கூட்டத்தாருக்கு அல்லாஹ் வைத்த சோதனை எதில் இருந்தது? தண்ணீரில்! ஒரு நாள் ஒட்டகத்தின் முறை. மறு நாள் அவர்களுடைய முறை. நீரை முழுவதும் ஒட்டகத்துக்கே விட்டுவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. அந்தப் பங்கைப் பொறுக்க மாட்டாமல் ஒட்டகத்தை அறுத்தார்கள், அழிந்தார்கள். ஒரு பிராணியின் நீர் முறையை மதிக்கிறார்களா என்பதைக் கொண்டே ஒரு சமுதாயம் சோதிக்கப்பட்டது என்பதைத் திருக்குர்ஆன் ஓதும் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டாமா? பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அருள்மறை அறிவிக்கிறது. சமுதாயம் என்றால் அதற்கு இருப்பிடமும் போக்குவரத்தும் வேண்டாமா?

மீன் கேட்கும் பங்கும் பெரிதன்று. அணையை இடிக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவரின் ஓர் ஓரத்தில், ஒரு மீட்டர் உயரத்துக்கு இருபது மீட்டர் நீளம் என்ற அளவில் சரிவாகக் கற்களைப் பாவி, இடையிடையே நீர் தேங்கி நிற்கும் சிறு குழிகளை விட்டால் போதும். சிறு மீனும் இளைப்பாறி இளைப்பாறி மேலே ஏறிவிடும். சிறுபாலத்தின் தளத்தை வாய்க்கால் மட்டத்துக்குக் கீழாக அமைப்பதற்குத் தனிச் செலவு அதிகமில்லை. கட்டும்போதே நினைவு வேண்டும், அவ்வளவுதான். வெள்ளம் வழியும் சில வாரங்களுக்கே மீனுக்கு அந்த வழி தேவை. அந்த நாட்களில் நீர் எப்படியும் கலிங்கில் வழிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் இதை அறிவோடு செய்ய வேண்டும். காவிரியில் நடந்தது நமக்குப் பாடம். கடலிலிருந்து ஏறி வந்து காவிரியில் முட்டையிடும் உல்லம் மீன் முற்காலத்தில் ஏராளமாகக் கிடைத்தது. அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிக்கின்றன என்று பிரான்சிஸ் டே என்பவர் 1873இல் வெளியான தம் அறிக்கையிலேயே எழுதினார். ஆங்கிலேயர் காலத்தில் கொள்ளிடத்தின் கீழணையில் மீன் ஏறுவதற்கென்று படிவழி அமைத்தும் பார்த்தார்கள். சால்மன் என்னும் மேலைநாட்டு மீன் அத்தகைய படிகளைத் தாவி ஏறும். நம் உல்லம் அவ்வாறு தாவுவதில்லை. படிவழி பயன்படவில்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் காவிரியில் உல்லம் வெகுவாகக் குறைந்தது. நன்மை செய்ய எண்ணினால் மட்டும் போதாது. யாருக்குச் செய்கிறோமோ அவரை அறிந்து செய்ய வேண்டும். மார்க்கக் கல்வி உடையவருக்காக நீரிலுள்ள மீன்களும் பாவமன்னிப்புத் தேடுகின்றன என்று ஹதீஸில் வந்துள்ளது. நமக்காக துஆச் செய்யும் அந்தப் படைப்பைப் பற்றி நாம் கொஞ்சமேனும் கற்க வேண்டாமா?

இன்னொருவர் வேறு விதமாகக் கேட்கலாம்: “இஹ்ராமில் இருப்பவருக்குக்கூட நீர்வேட்டை ஆகுமே! அப்படியிருக்க மீனைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?” ஆம், ஆகும். ஹலாலை ஹராமாக்க எவருக்கும் உரிமையில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் மீனை நம்பியே வாழ்கின்றன. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரார் கூடி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு மீன் பிடிப்பது நம் மாவட்டத்தின் மகிழ்ச்சியான வழக்கம். சாதி, மத பேதமின்றி எல்லா வீட்டிலும் அன்று மீன் குழம்பு மணக்கும். ஆனால் அந்த வசனத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். அந்த உணவு நமக்கும் வழிப்போக்கருக்கும் பயன் என்றே கூறப்படுகிறது. பின்னால் வருபவனுக்கும் அதில் பங்குண்டு. ஏற்றுமீன் ஏறும் நாளில் வாய்க்காலின் இரு கரைக்கும் வலையடைத்துச் சினைமீன் அத்தனையையும் அள்ளுபவன், பின்னால் வருபவனின் பங்கையும் சேர்த்தே அள்ளுகிறான். மீன் உண்ணும் வீட்டாரே மீனின் வழிக்கு முதற்காவலராக இருக்க வேண்டும்.

கரையில் குடியிருப்பவர்

நீர்வழியை மீட்பது என்று சொன்னதும் ஆக்கிரமிப்பை அகற்றுவது என்ற பேச்சு வரும். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இங்கே நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேறோரிடம் என்று அவர்கள் சிதறினார்கள். ஆற்றங்கரையில் குடிசை போட்டவர் விரும்பி வந்தவரல்லர். வேறு இடமில்லாமல் வந்தவர். பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. மீனின் ஹக்கை ஏழையின் ஹக்கைப் பறித்துக் கொடுப்பது நீதியாகாது. முதலில் அவருக்கு அருகிலேயே தக்க இடம். பிறகுதான் கரையைக் காலி செய்வது. அதற்கும் முன்னால், வசதியிருந்தும் வாய்க்காலை வளைத்துப் போட்டவர்களின் சுவர் விழ வேண்டும்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அபகரித்த நிலத்தில் தொழும் தொழுகை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழுகை நிறைவேறும், ஆனால் பாவம் உண்டு என்பர் பெரும்பாலோர். தொழுகையே கூடாது என்பது ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான சொல். தனியொருவன் நிலத்துக்கே இப்படியென்றால், வாய்க்கால் புறம்போக்கு யாருடைய நிலம்? ஊரார் அனைவரின் நிலம். கால்நடையின், பறவையின், மீனின் வழி. நம் வீட்டுச் சுவரோ, கடையின் படிக்கட்டோ, பொதுக் கட்டடமோ நீர்வழியில் கால் வைத்திருந்தால் அதை நாமே முன்வந்து பின்னிழுத்துக்கொள்வதுதான் ஈமானுக்கு அழகு.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

பிறரைக் குறை கூறுவதைவிட நாம் செய்யக்கூடியதை எண்ணிப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல் கழிவறை நீர் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கட்டும். வாய்க்காலில் விழுந்தால் தொட்டி கட்டித் திருப்பட்டும். ஒளூச் செய்த நீரைத் தனியே பிரித்துத் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுத்தபின் குடலும் கழிவும் வாய்க்கால் ஓரம் எறியப்படும் ஊர்கள் இருக்கின்றன. அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் கழிவால் அல்லாஹ்வின் வேறு படைப்புகள் மூச்சுத் திணறுவது எவ்வளவு பெரிய முரண்! ஜமாஅத் சார்பில் குழி தோண்டிப் புதைக்கும் ஏற்பாட்டைப் பெருநாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஆடி, ஆவணியில், மழைக்கு முன்பாக, ஊர் இளைஞர்களோடு நம் பிள்ளைகளும் வரத்துவாரியில் இறங்கட்டும். கஜா புயல் 2018 நவம்பரில் நம் மாவட்டத்தை உலுக்கிச் சென்ற மறு ஆண்டு, கொத்தமங்கலம் இளைஞர்கள் தங்கள் ஊர்க் குளத்தைத் தாங்களே தூர்வாரத் தொடங்கியதை நாடே பார்த்தது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. நீரின் பாதையில் வளர்ந்து நிற்கும் சீமைக் கருவேல முள்ளும் முள்தான்.

கெட்டுப்போன ஆறு திருந்துமா என்று சந்தேகப்பட வேண்டாம். லண்டன் நகரத்துத் தேம்ஸ் ஆறு 1957இல் உயிரற்ற ஆறு என்று ஆய்வாளர்களால் கைவிடப்பட்டது. சாக்கடையைச் சுத்திகரித்து விட்டார்கள். 1974இல் சால்மன் மீன் மீண்டும் அந்த ஆற்றில் கிடைத்தது. ஒருவரும் அதை அழைத்து வரவில்லை. வழி திறந்தது, அது வந்தது. அல்லாஹ்வின் படைப்பு நம்மிடம் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. குறுக்கே நிற்காமல் விலகிக்கொள் என்று மட்டுமே கேட்கிறது.

மீன் ஹலாலா என்று கேட்கத் தெரிந்த நாம், மீனுக்கு நாம் செய்வது ஹலாலா என்றும் கேட்கப் பழகுவோம். நீரும் நிலமும் நமக்குச் சொந்தமல்ல, அமானத். அமானத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் நாளில், வழி மறித்தவர்களின் வரிசையில் நம்மை நிறுத்தாமல், வழி திறந்தவர்களின் வரிசையில் நிறுத்தி வல்ல ரஹ்மான் நல்லருள் புரிவானாக! ஆமீன்.